முறத்தில் தங்கிய மிளகுப் பணம்

குனிந்து வருவோருக்கு மட்டுமே குகை வாயிலைத் திறந்து வைத்திருக்கும் மலையப்பா, சேர்வராயா, உன் திருவடிக்கு வணக்கம். இருளின் நடுவே சிறு சுடரொன்றை ஏற்றி வைத்துக்கொண்டு அகன்ற உலகையெல்லாம் காக்கின்றவனே, உன் அருகில் குளிர்ந்து நிற்கும் காவேரி அம்மையோடு இந்த எழுத்தின்மேலும் கண் வை. இதில் பொய் கலவாதிருக்கட்டும். என் மகன் இதைப் பாதியில் மடித்து வைத்துவிடாமல் இறுதிவரை படிக்கும் பொறுமையை அவனுக்கு நீயே அருள வேண்டும்.

கண்ணு, தேன்மொழிக்கு வளைகாப்பு நாள் குறித்தாயிற்று என்று அறிந்தேன். நீ சொல்லி அறியவில்லை. அவள் சொல்லி அறிந்தேன். உனக்குத் தெரியாமல் அவள் அவ்வப்போது என்னை அழைத்துப் பேசுகிறாள். அதற்காக அவளைக் கடிந்துகொள்ளாதே. வயிற்றில் பிள்ளையைச் சுமந்துகொண்டு கணவனுக்கும் மாமியாருக்கும் இடையே வழி தேடுகிற பெண்ணை, மகளைப் பெறாத நான் என் மகளாகவே வைத்துப் பார்க்கிறேன். நான் அழைத்தால் நீ எடுப்பதில்லை. ஆகவே பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுதிக் காட்டிய கையால் உனக்கு இதை எழுதுகிறேன். பெங்களூரில் உன் வாசலுக்குத் தபால்காரர் கொண்டுவந்து தருவதை வேண்டாம் என்று சொல்ல உனக்கு மனம் வராது என்று நம்புகிறேன்.

மாரமங்கலத்தில் இப்போது மழை தொடங்குவதற்கு முந்தைய புழுக்கம். பிற்பகலானால் மேகம் கீழிறங்கிக் காபிச் செடிகளை மூடிவிடுகிறது. நம் களத்திலிருந்து பார்த்தால் சில்வர் ஓக் மரங்களின் தலைகள் மட்டும் தெரிகின்றன. சென்ற தைப் பொங்கலுக்கு வந்தபோது அதே களத்தில்தான் நீயும் நானும் உட்கார்ந்து காபிக் கொட்டையைப் புரட்டிக்கொண்டிருந்தோம். "ஏம்மா, நான் பண்றது என்னான்னு நீங்க ஒரு நாளும் கேக்கவே இல்லீங்களே?" என்று நீயாகவே தொடங்கினாய். உன் குரலில் ஒரு பெருமிதம் இருந்தது. பரீட்சையில் முதல் மதிப்பெண் வாங்கி வந்த நாளில் கேட்ட அதே குரல்.

"சொன்னாப் புரியுமா?" என்றேன்.

"செய்யுளுக்கெல்லாம் பொருள் சொல்றீங்க, இது புரியாதுங்களா? நம்ம ரூபாயை டாலருக்குச் சமமான ஒரு காசா மாத்திக்கணும். அந்தக் காசு மொதல்ல, இதுக்குன்னு இருக்கற இணையத்தளத்துல நம்ம பேர்ல ஒரு பைக்கு வரும். அங்கிருந்து இன்னொரு பைக்கு மாத்துனாத்தான் ஒப்பந்தம் எடுக்க முடியும். பிட்காயின் வெலை ஏறுமா எறங்குமான்னு."

"அப்ப பந்தயம்."

"பந்தயம் இல்லீங்கம்மா, ஒப்பந்தம்!"

"சரி, ஒப்பந்தம்னு பேரு வெச்ச பந்தயம்."

நீ கொட்டை கிளறும் கட்டையைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாய். பிறகு பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தாய். கையிலுள்ள பணத்தைப் பிணையாக வைத்து அதைவிடப் பல மடங்கு பெரிய ஒப்பந்தத்தை எடுக்கலாம். விலை எதிர்த்திசையில் போனால் பிணை கரையும். கரையும்போது மேலும் பணம் போட்டுத் தாங்க வேண்டும். தாங்காவிட்டால் அந்தத் தளமே ஒப்பந்தத்தை மூடிப் பிணையை எடுத்துக்கொள்ளும். உள்ளே பணம் செலுத்துவது எவ்வளவு எளிதோ வெளியே எடுப்பது அவ்வளவு கடினம் என்றும் சொன்னாய். ஒரு பையிலிருந்து மறுபைக்கு, அங்கிருந்து நீண்டதொரு முகவரிக்கு, அதுவும் சரியான வலைப்பின்னல் வழியாக. வழி மாறினால் போன காசு எவர் கையிலும் சேராது. "கடவுச்சொல்லை மாத்திட்டா, அப்பறம் ஒரு நாள் முழுக்கப் பணத்தை வெளிய எடுக்க உடமாட்டாங்கம்மா. திருடன் எவனாச்சும் மாத்தியிருந்தா?" என்று நீ சொன்னபோது நான் வியந்துபோய், "அட, அவங்களுக்கும் நம்ம ஊட்டு வழக்கம் இருக்குதா!" என்றேன். நீ மறுபடியும் சிரித்தாய். நாம் இருவரும் சேர்ந்து சிரித்த கடைசி நாள் அதுதான்.

நம் வீட்டு வழக்கம் உனக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆயினும் பிறக்கப்போகும் பிள்ளை ஒருநாள் இதைப் படிக்கக்கூடும் என்பதால் எழுதுகிறேன். உன் அப்பாவின் முன்னோர் இந்த மலையில் உழுதவர்கள். தினையோ காபியோ மிளகோ, விளைந்தது விற்ற பணம் வீட்டுக்குள் வந்தால், சாமை பரப்பிய முறத்தில் அதை வைத்து விளக்கின் முன் ஓர் இரவு தங்கவிடுவார்கள். மறுநாள் பொழுது புலர்ந்த பிறகே அதற்குச் செலவு என்பது தொடங்கும். மலை தந்ததை மலையப்பன் ஓர் இரவு பார்த்துக்கொள்ளட்டும் என்பது அவர்கள் எண்ணம். சேலத்திலிருந்து மருமகளாக வந்த நான் முதலில் இதைக் கண்டு நகைத்தேன். பின்னர் உன் அப்பாவைவிட நானே அதைக் கண்டிப்பாகக் கடைப்பிடித்தேன். அவர் மறைந்த பின்பு அந்த முறத்தைத் துடைத்து வைக்கும் நேரத்தில் அவர் பக்கத்தில் நிற்பது போலிருக்கும்.

நீ அந்தத் தளத்தில் புகுந்த பிறகு என் நாள்களுக்கு ஒரு புதிய ஒழுங்கு வந்தது. பணம் உள்ளே போக வேண்டிய நாளில் உன் குரல் கேட்கும்: "அம்மா, கொஞ்சம் தேவைப்படுது. சலீம் பாய்கிட்டக் குடுத்துப் போடச் சொல்லுங்க." நானும் பஸ் ஏறி ஏற்காடு போய், கடைவீதியில் மளிகையும் பணம் அனுப்பும் சேவையும் சேர்த்து நடத்துகிற பாயிடம் கொடுப்பேன். அவர் தம் போனைத் தட்டி உனக்கு அனுப்புவார். லாபத்தோடு பணம் வெளியே வந்த நாளிலும் உன் குரல் கேட்கும்: "பாய் கணக்குல போட்டுட்டனுங்கம்மா, வாங்கிக்கங்க." இடைப்பட்ட நாள்களில் அமைதி. பிறர் வீட்டுப் போன் ஒலித்தாலும் தலை நிமிர்த்திப் பார்க்கும் பழக்கம் எனக்கு அப்போதுதான் வந்தது. பிள்ளைகளுக்குப் பொருள்வயிற் பிரிவு என்றொரு துறையை எத்தனையோ முறை நடத்தியிருக்கிறேன். பொருள் தேடிப் பிரிந்தவனை எண்ணி மனைவி ஆற்றியிருப்பாள். மகள் பிரிந்து போனால் பெற்றவள் புலம்புவதற்கும் பாட்டு இருக்கிறது. மகன் பொருள் தேடிப் பிரிந்தால் அவனைப் பெற்றவள் என்ன செய்வாள் என்று நான் நடத்திய பாட்டு எதிலும் நான் கண்டதில்லை. நீயோ பாலை நிலத்தைக் கடந்துகூடப் போகவில்லை. ஒரு நாற்காலியில் அமர்ந்தபடியே எட்டாத தொலைவுக்குப் போய்விட்டாய். குறிஞ்சி நிலத்தில் குடியிருந்துகொண்டு முல்லையின் ஒழுக்கத்தை, காத்திருத்தலை, நான் வாழ்ந்துகொண்டிருந்தேன்.

இனி அந்த நாளைப் பற்றி எழுத வேண்டும். மிளகு காய்ந்து மூட்டையில் கட்டியிருந்தது. காலையிலேயே அழைத்தாய். "மிளகு இன்னிக்கே வித்துருங்கம்மா. வெலை எனக்கு எதிரா போயிட்டே இருக்குது. நானும் தேன்மொழியும் ஊடு வாங்கச் சேத்து வெச்ச அட்வான்ஸ் மொத்தமும் உள்ள மாட்டிக்கிச்சு. சாயந்தரத்துக்குள்ள பிணை போட்டாத் தாங்கிரும்." பிற்பகலில் வியாபாரி வந்து எடை போட்டுப் பணத்தைக் கையில் கொடுத்துவிட்டுப் போனார். பஸ்ஸுக்கு நேரமிருந்தது. நான் முறத்தை எடுத்தேன். சாமையைப் பரப்பினேன். பணத்தை வைத்தேன். விளக்கேற்றினேன்.

சலீம் பாய் அழைத்தார். "டீச்சரம்மா, தம்பி எனக்கும் போன் போட்டுட்டானுங்க. நொம்ப அவசரமாமா. வண்டியில வந்து வாங்கிக்கட்டுங்களா?"

"வேண்டாம் பாய். பணம் சாமிகிட்ட இருக்குது. காலையில நானே வர்றேன்."

"சாமிகிட்டச் சொல்லிட்டு எடுங்க. அவரு என்னைய ஒன்னும் தப்பா நெனைக்க மாட்டாருங்க." பிறகு அவரே, "சரி, பணம் அங்கயே இருக்கட்டும். நான் என் கையில இருந்து இப்பப் போட்டு உடறேன், நீங்க காலையில குடுங்க. வழக்கமும் கெடாது, தம்பியும் தப்பிச்சிருவான்" என்றார்.

"வேண்டாம் பாய்" என்றேன்.

பொழுது சாயும் நேரத்தில் நீ திரும்பத் திரும்ப அழைத்தாய். கெஞ்சினாய். நான் சொன்ன சொற்கள் எனக்கு அப்படியே நினைவிருக்கின்றன. "ஒரு ராத்திரி இருக்கட்டும், சாமி. காலையில நீ ஒரு தடவை போன் பண்ணு. அப்பறம் கிளம்பறேன்." நீ, "உங்களுக்குப் புரியலீங்கம்மா, காலையில ஒன்னும் இருக்காது" என்று சொல்லி வைத்துவிட்டாய்.

காலையில் போன் ஒலித்தது. இதை எழுதக் கை கூசுகிறது: ஒலித்த அந்தக் கணத்தில் என் நெஞ்சு மகிழ்ந்தது. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்து எடுத்தேன். நீ நிதானமாகப் பேசினாய். "வர வேண்டாங்கம்மா. மூடிட்டாங்க. எல்லாம் போயிருச்சு." நான் என்னவோ சொல்ல வாயெடுப்பதற்குள், "உங்க சாமி ராத்திரி நல்லாத் தூங்குச்சுங்களா?" என்று கேட்டாய். அதுவே நான் கேட்ட உன் கடைசிக் குரல்.

அதே நாள் மதியம் விலை திரும்பிவிட்டது என்று பின்பொரு நாள் தேன்மொழி சொன்னாள். "பணம் வந்திருந்தாத் தாங்கியிருக்கும்னு அவரு சொல்லிட்டே இருக்காருங்கத்தை." உண்மையா என்று கேட்டேன். "உண்மைதானுங்க" என்றாள். சலீம் பாய் எனக்கு ஆறுதலாக, "அன்னிக்குத் தப்பிச்சிருந்தா அடுத்த வாரம் மாட்டியிருப்பான், உடுங்க டீச்சரம்மா" என்றார். அவர் சொல்வது நடந்திருக்கலாம். அந்த நிழலில் ஒதுங்கி நிற்க எனக்கு உரிமையில்லை. நீ அன்று தாங்கியிருப்பாய். நான் தாங்கவிடவில்லை.

வழக்கத்தின்மேல் பழி போட்டுத் தப்பித்துக்கொள்ளவும் எனக்கு வழியில்லை, கண்ணு. அந்த வழக்கத்தை மீறியவர் ஒருவர் இருந்தார். அவர் உன் அப்பா. நீ சிறு குழந்தையாக இருந்தபோது ஒரு மாலை உனக்குக் காய்ச்சல் ஏறிக் கண் செருகியது. அன்றுதான் காபி விற்ற பணம் முறத்தில் வைத்திருந்தோம். உன் அப்பா அதை அப்படியே அள்ளி மடியில் கட்டிக்கொண்டு, எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டரிடம் ஜீப்பைக் கேட்டு வாங்கி, உன்னை என் மடியில் போட்டு, வளைவுகளெல்லாம் இறங்கிச் சேலத்துக்கு ஓடினார். வழியில் நான் பயந்து, "பணத்தை எடுத்துட்டீங்களே" என்றேன். "சாமி என்ன பேங்க் மேனேஜரா, நேரம் முடிஞ்சுதுன்னு கதவைச் சாத்த? புள்ளைக்குன்னா அதுக்குப் புரியும்" என்றார். பிள்ளைக்காக முறத்திலிருந்து எடுக்கலாம் என்பதை நான் கண்ணால் கண்டவள். மறக்கவும் இல்லை. அன்று மாலை விளக்கின் முன் நின்றபோது அந்த ஜீப்பின் ஓசை என் காதில் கேட்டது.

ஆகவே நான் மறைத்து வைத்ததைச் சொல்லிவிடுகிறேன். பணம் போய்விட்டால் நீ மறுபடி அழைக்க எத்தனையோ நாளாகும். பணம் என் கையில் இருக்கும்வரை நீ அழைத்தே ஆக வேண்டும். அந்த ஒரு மாலையில் மட்டும் எத்தனை முறை என்னைக் கூப்பிட்டாய்! காலையிலும் ஒரு முறை கூப்பிடு என்று நானே வாய்விட்டுக் கேட்டேன். உன் அவசரத்தின் அளவை நான் முழுதாக அறியவில்லை என்பது மெய். நீ தவிக்கிறாய் என்பதை அறிந்தே இருந்தேன் என்பதும் மெய். மலையப்பனை முன்னே நிறுத்திவிட்டு அவன் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு உன் குரலுக்காகக் கை நீட்டினேன். நீ பழித்தது அவனை. அன்று தூங்காதிருந்தவளும் தவறு செய்தவளும் நான். அவனைப் பழித்த சொல்லை நீ திரும்பப் பெற்றுக்கொள். அதை எனக்கு உரியதாக மாற்றிக் கொடுத்துவிடு.

அறிவுரை சொல்லும் தகுதி எனக்குக் குறைந்துவிட்டது. ஆயினும் பெற்றவள் வாய் சும்மா இருக்காது. உன்னை முதன்முதலில் சேர்வராயன் கோயிலுக்கு அழைத்துச் சென்ற நாள் உனக்கு நினைவிருக்காது. குகைக்குள் நுழையும்போது, "குனிஞ்சு வா சாமி" என்று அப்பா சொன்னார். அழகாகக் குனிந்து வந்தாய். தரிசனம் முடிந்ததும் திரும்பி ஓடினாய், நிமிர்ந்தபடி. பாறையில் இடித்துக்கொண்டு வீறிட்டாய். நெற்றியைத் தேய்த்துவிட்ட அப்பா, "உள்ள வர்றதுக்குத்தான் குனியணும்னு நெனச்சானாட்டம் இருக்குது, வெளிய போறதுக்கும் அதே பாறைதான்டா" என்று சொல்லிச் சிரித்தார். நீ களத்தில் உட்கார்ந்து உன் தளத்தைப் பற்றிச் சொன்னபோது எனக்கு அந்த நெற்றிதான் நினைவுக்கு வந்தது. சொன்னால் கோபிப்பாயோ என்று சொல்லாமல் இருந்துவிட்டேன். மீண்டும் அங்கே போவதா கூடாதா என்று நான் சொல்லப்போவதில்லை. போனால், பெருந்தொகையை உள்ளே செலுத்தும் முன் சிறுதொகை ஒன்றை முழு வழியும் வெளியே நடத்திக் கூட்டிவந்து உன் வங்கிக் கணக்கில் சேர்த்துப் பார். ஒப்பந்தப் பையில் வைப்பது போனாலும் வீட்டில் உலை கொதிக்க வேண்டும். எது உள்ளே போகிறது என்பது தேன்மொழிக்குத் தெரிந்திருக்க வேண்டும். எனக்குத் தெரிய வேண்டியதில்லை.

அந்த மிளகுப் பணம் இத்தனை காலமும் முறத்தில்தான் இருந்தது. எடுக்கவும் மனம் வரவில்லை, செலவழிக்கவும் மனம் வரவில்லை. ஓர் இரவு தங்க வேண்டியது பல இரவுகள் தங்கிவிட்டது. இன்று காலை அதை எடுத்துக்கொண்டு முதல் பஸ்ஸில் ஏற்காடு போனேன். சலீம் பாய் நோட்டுகளை முகர்ந்து பார்த்து, "சாம்பிராணி வாசம் அடிக்குதுங்களே டீச்சரம்மா, பேங்க்ல இதை வாங்குவாங்களா, இல்ல கும்பிடுவாங்களா?" என்றார். உன் கணக்குக்கு அனுப்பச் சொன்னேன். அனுப்பினார். "சேந்துதான்னு தம்பி சொல்லுவான், இருங்க, கேட்டுட்டே போங்க" என்றார்.

"வேண்டாம் பாய். சேந்துதுன்னு அவன் போன் பண்ணுனா நீங்களே கேட்டுக்கங்க. எங்கிட்டச் சொல்ல வேண்டாம்."

அவர் போனைக் கீழே வைத்தார். "அப்பறம் எப்படித்தானுங்க பையன்கிட்டப் பேசுவீங்க?"

பஸ் வந்துவிட்டது, ஏறிவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் இதை எழுத உட்கார்ந்தேன். முறத்தில் இப்போது சாமை மட்டுமே இருக்கிறது. நடுவில் பணம் இருந்த இடம் சிறு பள்ளமாகத் தெரிகிறது.

அந்தப் பணம் உன்னுடையது. வளைகாப்புக்கு ஆகட்டும், பிள்ளைக்கு ஆகட்டும், எந்தப் பைக்கு வேண்டுமானாலும் மாற்றிக்கொள். நன்றி சொல்ல அழைக்காதே. கணக்குச் சொல்லவும் அழைக்காதே. என்னிடம் இனி அனுப்புவதற்கு ஒன்றும் இல்லை. அடுத்த மிளகு கொடியில் பூந்திரி விடவே இன்னும் மழை வர வேண்டும். உள்ளே எதுவும் போகாத, வெளியே எதுவும் வராத ஏதோ ஒரு வெறும் நாளில், பேசுவதற்குச் செய்தி ஒன்றும் இல்லாதபோது, "என்னம்மா பண்றீங்க?" என்று மட்டும் ஒரு முறை அழை. நான் எந்த நேரத்திலும் எடுப்பேன்.

மலையப்பன் உன் வாசலைக் காக்கட்டும். காவேரி அம்மையின் குளிர்ச்சி உன் கண்ணிலும் சொல்லிலும் தங்கட்டும். தேன்மொழியின் கை நிறைய வளையல் ஒலிக்கட்டும். அவள் வயிற்றுப் பிள்ளை குறையேதுமின்றிப் பிறந்து, உன் தோளில் ஏறி இந்த மலைக்கு வந்து, அந்தக் குகைக்குள் குனிந்து நுழைந்து குனிந்தே வெளியே வரட்டும். உங்கள் வீட்டில் உலையும் விளக்கும் ஒருநாளும் அணையாதிருக்கட்டும். நீ நன்றாக இரு, சாமி. நன்றாகத் தூங்கு.

உன் அம்மா